மாலத்தீவில் கேமரா வேலை: அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வயது 23. கீழக்கரைப் பக்கம். மூன்று வருடமாகக் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிறேன். அப்பா மூச்சடக்கிச் சங்கு குளிப்பவர், நானும் சின்ன வயதிலிருந்தே அவருடன் மூழ்கிப் பழகியவன். கடலடி போட்டோகிராபர் ஆக ஆசை. ஸ்கூபா (சிலிண்டர் காற்றை இழுத்துக்கொண்டு மூழ்குவது) சான்றிதழ், கேமரா பயிற்சி, மாலத்தீவு ரிசார்ட்டில் வேலை எல்லாம் சேர்த்து ஓர் ஏஜென்ட் நாலரை லட்சம் கேட்கிறார். 25,000 முன்பணமும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டேன். மீதிப் பணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா? நம் தீவுகள் பக்கம் இறங்கிப் பழகலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்த நாலரை லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். ஸ்கூபாவில் முதல் படி ‘ஓபன் வாட்டர்’ சான்றிதழ் கார்டு. மூன்று நான்கு நாள் வேலை, 18 மீட்டர் வரை இறங்கலாம். புதுச்சேரியிலோ அந்தமானிலோ முப்பது, நாற்பதாயிரத்துக்குள் முடியும். அடுத்தது ‘அட்வான்ஸ்டு’, 30 மீட்டர் வரை. அதற்கு இரண்டு நாள், செலவும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் ரிசார்ட்டில் போட்டோகிராபர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்வதில்லை. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு இறங்கத் தெரிந்தவரா என்று பார்ப்பார்கள். அதற்கு ‘டைவ்மாஸ்டர்’ வரை போக வேண்டும். அந்தக் கார்டு கைக்கு வர, குறைந்தது 60 முறை இறங்கிய கணக்கு நோட்டில் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் ‘எல்லாம் ரெடி’ என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அது பொய்.

இந்த ஆட்களைப் பற்றி நான் எழுதிச் சலித்துவிட்டேன், ஆனாலும் திரும்ப எழுதுகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அதைத் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவு பெற்றவரும் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இன்னொரு தந்திரமும் உண்டு. மாலத்தீவுக்குச் சுற்றுலாவாகப் போக முன்கூட்டி விசா வேண்டியதில்லை. அதை வைத்துக்கொண்டு, ‘முதலில் போய் இறங்குங்கள், வேலை பெர்மிட்டை அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்பார்கள். ரிசார்ட் தன் பெயரில் எடுத்துத் தந்த பெர்மிட் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

அடுத்து உங்கள் அப்பாவின் தொழில். காதடைப்பை எடுப்பது, நீரோட்டம் பார்ப்பது, பதறாமல் இருப்பது எல்லாம் உங்களுக்குச் சொத்து. ஒன்றை மட்டும் மறக்க வேண்டும்: மூச்சடக்குவது. அப்பா மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறார். ஆழத்தில் அந்தக் காற்று சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்கே திரும்பும். அதனால் ஆபத்தில்லை. சிலிண்டர் கதை வேறு. பத்து மீட்டரில் நீங்கள் இழுக்கும் காற்று மேலே உள்ளதைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் நெஞ்சுக்குள் வருகிறது. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் ஒரு நெஞ்சளவு காற்று இரண்டு நெஞ்சளவாக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தால்கூட இது நடக்கும். நீச்சலே தெரியாமல் வருகிறவருக்கு இந்தப் பழக்கம் இருக்காது, உங்களுக்கு அது ரத்தத்தில் ஊறியிருக்கும். அதோடு கேமராவும் சேர்ந்தால் இன்னும் மோசம். குமிழி போனால் மீன் ஓடிவிடும், கை ஆடிவிடும் என்று போட்டோ எடுப்பவருக்குத் தன்னை அறியாமல் மூச்சு நின்றுவிடும். நின்றதும் உடம்பு லேசாக மேலே மிதக்கத் தொடங்கும். அதனால் முதல் இருபது முறை கேமராவைத் தொடாமல் இறங்குங்கள். பயிற்சியாளரிடம் ‘நான் சங்கு குளித்துப் பழகியவன்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கேமரா விஷயம் இப்போதைக்குக் கொஞ்சம் போதும். கல்யாணக் கேமராவுக்கு ஹவுசிங் (தண்ணீர் புகாத உறை) வாங்காதீர்கள். அது அந்த ஒரு மாடலுக்குத்தான் பொருந்தும், விலையும் பல நேரம் கேமராவைத் தாண்டும். ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி சின்னக் கேமரா, பழையதாக இருந்தாலும் சரி, அதில் தொடங்குங்கள். ஐந்து மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும், இன்னும் ஆழத்தில் ரத்தமே பச்சையாகத் தெரியும். அதனால் பிளாஷ் வேண்டும். தூறலில் மாப்பிள்ளை ஊர்வலம் எடுத்திருப்பீர்களே, பிளாஷ் போட்டதும் மழைத்துளியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும். கடலில் மிதக்கும் தூசியும் அப்படித்தான். பிளாஷைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் குறையும். ஒவ்வொரு முறையும் ஹவுசிங்கின் ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். கண் இமை முடி ஒன்று அதில் ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் இறங்கி, ஒரு கேமராவையே உப்புத் தண்ணீருக்குக் கொடுத்தவன் நான்.

தீவுகள் பக்கம் அனுமதியில்லாமல் போகாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும், படகுக்காரரின் ‘நான் பார்த்துக்கிறேன்’ செல்லாது. எனக்கு இதில் கோபம் உண்டு. 2010-லும் 2016-லும் அங்கே பவளப்பாறைகள் வெளுத்துப்போயின. அதை வருடா வருடம் படம்பிடித்து வைக்க அந்தக் கடலில் பிறந்த பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் அவர்கள் மனு கொடுத்தால் மேசைக்கு மேசை அலைகிறது. ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து போனால் வழி கொஞ்சம் சுலபம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். அது அரசின் சொத்து, ஏஜென்ட் பிடித்து வைக்க உரிமையில்லை. 25,000-க்கு ரசீது கேளுங்கள். தர மறுத்தால் வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய விவரத்தையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். ஒரு பிரதியைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.