அகப்பை பிடித்த கை

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே 22 பேர். நிர்வாகம் எங்களை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. தலைவனுக்கு 'கரிஸ்மா', அதாவது வசீகரம் வேண்டும் என்று சொன்ன பயிற்சியாளர், கண்ணைப் பார்த்துப் பேசு, குரலைத் தாழ்த்து, தோளை நிமிர்த்து என்று ஒரு பட்டியலே கொடுத்தார். கண்ணாடி முன் நின்று பழகினேன். எனக்கு மெலிந்த குரல். நாலு பேருக்கு முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். புதிய தோரணையில் நான் பேச ஆரம்பித்ததும் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூசிப்போய்விட்டேன். எங்கள் பிரிவில் மூத்த தொழிலாளி ஒருவர் இருக்கிறார். பதவி எதுவும் இல்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் இயந்திரம் நின்றால் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். வசீகரம் பிறவியிலேயே வருவதா? என்னைப் போன்றவர்களுக்கு அது வாய்க்காதா?

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891இல் ஊர் திரும்பிய ஓர் இளைஞர், பம்பாயில் தமது முதல் வழக்குக்காக நீதிமன்றத்தில் எழுந்து நின்றார். சிறிய வழக்குதான், கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். காந்தி இதைத் தாமே எழுதியிருக்கிறார். உங்கள் நாக்கு ஒட்டிக்கொள்வதைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு அந்த இளைஞர்தான் நினைவுக்கு வந்தார். பிற்காலத்திலும் அவர் மேடையை அதிர வைக்கும் பேச்சாளர் ஆகவில்லை. தணிந்த குரலில், ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல்தான் பேசினார். அப்படிப்பட்டவருக்காக லட்சக்கணக்கானோர் சிறைக்குப் போக வரிசையில் நின்றார்கள் என்றால், நாம் வசீகரத்தைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பயிற்சியாளர் பயன்படுத்திய சொல்லின் வரலாறும் இதையே சொல்கிறது. 'கரிஸ்மா' ஒரு கிரேக்கச் சொல். தொடக்ககாலக் கிறிஸ்தவத் தலைவரான பவுல் தம் நிருபங்களில் கடவுள் அருளிய வரம் என்ற பொருளில் அதை எழுதினார். எல்லாருடைய நன்மைக்காகவும் ஒருவருக்குக் கொடுக்கப்படுவது அது என்பது அவர் கருத்து. அந்தச் சொல்லைத் தலைமை பற்றிய ஆய்வுக்குள் நிலைநிறுத்தியவர் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். தலைவரிடம் அந்த அசாதாரணக் குணம் உண்மையில் இருக்கிறதா என்பதைவிட, பின்பற்றுபவர்கள் அதை அவரிடம் காண்கிறார்களா என்பதே முக்கியம் என்றார் அவர். தலைவரால் தங்களுக்கு நன்மை வரவில்லை என்று தெரிந்தால் அந்த ஒளி மங்கிவிடும் என்றும் எழுதினார். ஆக, வசீகரத்தைக் கொடுப்பவர்கள் உங்கள் எதிரே நிற்கும் 22 பேர். கண்ணாடிக்குள் அதைத் தேடினால் கிடைக்காது.

ஆனாலும் நான் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சியாளர் சொன்ன உத்திகள் பலிக்கும். 1920களில் ஹிட்லர் தமது புகைப்படக்காரர் ஹாஃப்மனின் கேமராவுக்கு முன் நின்று, கையை எப்படி வீசுவது, விரலை எப்படி மடக்குவது, முகத்தை எப்படி இறுக்குவது என்று ஒத்திகை பார்த்தார். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கை அசைவுக்கு ஒரு தேசமே மயங்கியது. வசீகரம், வசியம் என்ற இரண்டு சொற்களையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் 'வசம்' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. பிறரைத் தன்வசப்படுத்தும் கலையை மட்டும் கற்றுக்கொண்டவரைக் கண்டு நான் அஞ்சுகிறேன். நாம் பின்னே செல்ல வேண்டிய மனிதரை அடையாளம் காண வேறு அடையாளம் தேவை.

அந்த அடையாளத்தை 1913இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தில் நான் காண்கிறேன். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்ற கொடுமையை எதிர்த்து, நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களைத் தட்டி எழுப்பியவர்களில் தமிழ்ப் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். சுரங்க முதலாளிகள் கொடுத்த குடியிருப்பை விட்டு வந்த ஆயிரக்கணக்கானோர் சார்லஸ்டவுன் என்ற சிற்றூரில் குவிந்தார்கள். பெரிய அண்டாக்களில் சோறும் பருப்பும் வெந்தன. சில நாள் பருப்பில் தண்ணீர் கூடிவிடும், சில நாள் பருப்பு வேகாது, சோறும் சரியாக வராது. பரிமாறும் பொறுப்பை காந்தி தம்மிடமே வைத்துக்கொண்டார். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் அளவைக் குறைக்க வேண்டும். குறைவாகப் போட்டபோது பெண்கள் ஒரு கணம் கோபத்தோடு தம்மைப் பார்த்த பார்வையையும், நிலைமை புரிந்ததும் அதே முகத்தில் புன்னகை வந்ததையும் தம்மால் மறக்கவே முடியாது என்று அவர் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நின்றுவிடுவேன். பற்றாக்குறை வரும்போது தலைவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? அகப்பையை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். நிறைவாக இருக்கும் நாளில் தாம் வந்து பரிமாறுவார்கள். பசித்த மனிதரின் கோபப் பார்வை தம் மேல் விழும் இடத்தைத் தேடிப் போய் நின்றவர் காந்தி. அந்தப் பெண்களும் அவரை அண்ணாந்து பார்க்கவில்லை. நேருக்கு நேர் முறைத்தார்கள், பிறகு சிரித்தார்கள். முறைக்கும் உரிமை அங்கே இருந்தது.

நவம்பர் 6ஆம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளுடன் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை அனுமதியின்றிக் கடந்து சிறை செல்லும் நடைப்பயணம் தொடங்கியது. நான்கு நாட்களுக்குள் காந்தியை மூன்று முறை கைது செய்தார்கள். இரண்டாவது கைது ஸ்டாண்டர்டனில். உள்ளூர் இந்திய வியாபாரிகள் கொடுத்த மார்மலேட் டின்களை அவர் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொண்டிருந்தார். மாஜிஸ்ட்ரேட் நேரில் வந்து பக்கத்தில் நின்றார். பங்கீடு முடியும்வரை காத்திருந்து, பிறகு தனியே அழைத்து, நீங்கள் என் கைதி என்றார். அரசாங்கத்தின் கையே அந்த வேலை முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறது.

தலைவர் போய்விட்டார். கூட்டம் கலையவில்லை, தொடர்ந்து நடந்தது. பால்ஃபர் என்ற ஊரில் மூன்று ரயில்களை நிறுத்தி எல்லாரையும் திருப்பி அனுப்ப முற்பட்டபோது, காந்தி வந்து சொன்னால்தான் ஏறுவோம் என்று அவர்கள் முதலில் அடம்பிடித்தார்கள். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வசீகரம் உள்ள தலைவரிடம் இருக்கும் ஆபத்து இதுதான். சிறைக்குப் போகத்தானே புறப்பட்டோம் என்று காந்தியின் தோழர்களான போலக்கும் கச்சாலியா சேட்டும் எடுத்துச் சொன்ன பிறகு அமைதியாக ஏறினார்கள். சுரங்க வளாகங்களையே சிறையாக்கி அவர்களை அடைத்தார்கள். சவுக்கடி விழுந்தும் அவர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். காந்தி சிறையில் இருந்த அந்த வாரங்களில்தான் வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்கள்வரை பரவியது. மறு ஆண்டு வரி ஒழிந்தது. தலைவர் கண் முன்னால் இல்லாத நாளில் அவருடைய ஆட்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் நான் அவருடைய வசீகரத்தின் உரைகல்லாக வைத்திருக்கிறேன்.

அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற ஒரு பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடிக்கு அருகே தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த வள்ளியம்மை. கடுங்காவல் தண்டனை பெற்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனார். உடல் உருகிக் கிடந்த அந்தப் பெண்ணிடம் காந்தி போய், சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது கைது செய்தாலும் போவேன் என்றார் வள்ளியம்மை. அந்தப் பதிலைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். என்னை உலுக்குவது அந்தக் கேள்வி. தம்மை நம்பி வந்தவர் கொடுத்த விலையைக் கட்டிலருகே போய்க் கண்ணால் பார்த்து, 'வருந்துகிறாயா' என்று கேட்கும் துணிவு எத்தனை தலைவர்களுக்கு இருந்திருக்கிறது? 'ஆமாம்' என்று அந்தப் பெண் சொல்லியிருக்கவும் கூடும். அதைக் கேட்கவும் தயாராகத்தான் அவர் போயிருக்க வேண்டும்.

இனி உங்கள் தொழிற்சாலைக்கு வருகிறேன். பெயர் சொல்லி அழைப்பது, கண்ணைப் பார்ப்பது எல்லாம் நல்ல பழக்கங்கள், விட வேண்டாம். தோரணையை மட்டும் விட்டுவிடுங்கள். ஓவர்டைம் பங்கிடும்போது, பண்டிகைக்கு யாருக்கு லீவு இல்லை என்று முடிவாகும்போது, உற்பத்தி குறைந்ததற்கு மேலிடத்தில் விளக்கம் சொல்லும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அந்த 22 பேரும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். லீவு இல்லை என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல், உரியவரிடம் நேரில் போய், உங்கள் மெலிந்த குரலிலேயே சொல்லுங்கள். அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

அந்த மூத்த தொழிலாளியைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரிகள் அவைதான். இயந்திரம் நின்றதும் அவர் முதலில் என்ன செய்கிறார்? யாரிடம் என்ன கேட்கிறார்? பழுது யாருடைய தவறால் வந்தது என்று தெரிந்தும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறாரா? ஒரு மாதம் கூடவே இருந்து பாருங்கள். அடுத்த முறை இயந்திரம் நின்றால், ஸ்பேனரை எடுத்துக்கொடுக்கும் ஆளாக அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்