மாலத்தீவு தேனிலவுக்கு மூன்று லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. தண்டையார்பேட்டையில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 27,000 ரூபாய். வருகிற தை மாதம், அதாவது இன்னும் எட்டு மாதத்தில், கல்யாணம். அவர் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், கையில் 38,000 வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் திருவொற்றியூரில் அவர் வீட்டில் இருப்போம். ஒரு ஹால், ஒரு ரூம், அவர் தம்பியும் அங்கேதான். அப்புறம் தனியாக ஒரு போர்ஷன் பார்ப்பதாக இருக்கிறோம். தேனிலவுக்கு மாலத்தீவு போக இரண்டு பேருக்கும் ரொம்ப ஆசை. ஏஜென்ட் 4 இரவுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 2,10,000 சொல்கிறார். சனிக்கிழமைக்குள் 25,000 முன்பணம் கட்டினால்தான் இந்த விலையாம். பேங்க் ஆப்பில் அவருக்கு 3 லட்சம் பர்சனல் லோன் ரெடியாக இருப்பதாகக் காட்டுகிறது. மொய்ப் பணம் வந்ததும் அடைத்துவிடலாம் என்கிறார். நான் கட்டும் ஒரு லட்ச ரூபாய் சீட்டை இப்போதே எடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். அந்தமான் போதும் என்கிறார் அப்பா. என்ன செய்வது?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: முதலில் அந்த 25,000. இந்த வாரம் கட்ட வேண்டாம். எட்டு மாதம் கழித்துப் போகிற பயணத்துக்குச் சனிக்கிழமை கெடு வைப்பது உங்களை யோசிக்க விடாமல் செய்வதற்குத்தான். அதைத் தாண்டினால் மாலத்தீவில் அறை தீர்ந்துவிடாது.

தேனிலவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஹால், ஒரு ரூம், கூடவே கொழுந்தனார். அந்த வீட்டில் நீங்கள் இருவரும் நாலு வார்த்தை மனம் விட்டுப் பேசவே மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஆறு நாள் தனியாக இருப்பது ஆடம்பரமே இல்லை. அதற்குப் பணம் ஒதுக்குவது நியாயமான செலவு. ஆனால் எந்தத் தீவு என்று முடிவு செய்துவிட்டு அதற்கு எங்கே பணம் என்று தேடுகிறீர்களே, அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். எவ்வளவு முடியும் என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், தீவை அப்புறம் பார்க்கலாம்.

நீங்கள் அனுப்பிய கொட்டேஷனை வரி வரியாகப் படித்தேன். விமான டிக்கெட், ரிசார்ட் அறை, காலைச் சாப்பாடு, அவ்வளவுதான் அந்த 2,10,000-க்குள். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "டிரான்ஸ்ஃபர், கிரீன் டாக்ஸ், மற்ற சாப்பாடு தனி" என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் பட்ஜெட்டைச் சாப்பிடப் போவது அந்த வரிதான். மாலத்தீவில் ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க அந்த ஒரே ஹோட்டல். சாப்பாட்டு விலை கட்டுப்படியாகவில்லை, வெளியே ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க முடியாது. வெளியே கடல்தான். தண்ணீர் பாட்டிலிலிருந்து படகு வரை அவர்கள் சொல்வதுதான் விலை.

ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்கு ஸ்பீட்போட் போய் வர ஒருவருக்கு 150 டாலர் என்றால் இரண்டு பேருக்கு 27,000 ரூபாய். தூரத்துத் தீவாக இருந்து கடல் விமானத்தில் போக வேண்டுமென்றால் இது இரண்டு மூன்று மடங்காகும். அந்த விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும் என்பதால், நீங்கள் சாயங்காலம் போய் இறங்கினால் ஒரு இரவு தலைநகர் மாலேயில் தங்கும் செலவும் சேரும். சுற்றுலாப் பயணிகளிடம் அந்த நாட்டு அரசு வாங்கும் கிரீன் டாக்ஸ் ரிசார்ட்டுகளில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர், 2025 ஜனவரியில் 6 டாலரிலிருந்து இரட்டிப்பாக்கினார்கள். இரண்டு பேர், நான்கு இரவு, 96 டாலர். ஏறக்குறைய 8,600 ரூபாய். மதியமும் இரவும் இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 100 டாலருக்குச் சாப்பிடுவதாகச் சிக்கனமாகவே வைப்போம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருப்பார்கள். ஒன்று 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இன்னொன்று அதன் மேல் 17 சதவீத வரி. ஆக 100 டாலர் சாப்பாடு கிட்டத்தட்ட 129 டாலராகும். நான்கு நாளைக்கு 46,000 ரூபாயைத் தாண்டும்.

எல்லாம் கூட்டினால் 82,000 வருகிறது. 2,10,000 என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பயணம் உண்மையில் 2,92,000. டால்பின் பார்க்கப் போகும் படகு, முக்குளிப்பு, ஒரு நினைவுப் பொருள் எதுவும் இதில் இல்லை. லோன் 3 லட்சமும் அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த லோனை இப்போது பார்ப்போம். 14 சதவீத வட்டி, 3 வருடம் என்றால் மாதம் 10,250 ரூபாய் இ.எம்.ஐ. வட்டி மட்டும் 69,000-க்கு மேல். உங்கள் இருவர் சம்பளம் சேர்த்து 65,000. தனி போர்ஷனுக்கு 11,000 வாடகை, உங்கள் படிப்புக் கடனும் அவர் பைக் தவணையும் சேர்த்து நீங்கள் எழுதியபடி 7,800, இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் 12,000, சீட்டுக்கு 5,000. மீதி 29,200. அதில் இ.எம்.ஐ. போனால் மளிகை, கேஸ், கரண்ட் பில், பஸ், மாத்திரை மருந்துக்கெல்லாம் சேர்த்து 19,000 கூட இல்லை. இது மூன்று வருடத்துக்கு. அதற்குள் ஒரு குழந்தை வரலாம். உங்கள் கடையில் பிரசவ விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் சில மாதம் அவருடைய 38,000-ல்தான் எல்லாமே ஓட வேண்டும், அந்த நேரத்தில் இந்த 10,250 கழுத்தைப் பிடிக்கும்.

மொய்ப் பணத்தை நம்பி வாங்கலாம் என்கிறார். உங்கள் மாப்பிள்ளை மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் ஒப்புக்கொள்ள முடியாது. மண்டபப் பாக்கி, சமையல்காரர் பாக்கி, பூக்காரர் பாக்கி எல்லாம் முதலில் மொய்ப் பையைத்தான் தேடி வரும். அப்படியே மீந்தாலும், நோட்டில் பெயர் போட்டு எழுதிய ஒவ்வொரு 500-ம் 1,000-மும் நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் நீங்கள் திருப்பி வைக்க வேண்டியது. உங்கள் இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் செய்த மொய்தான் இப்போது திரும்பி வருகிறது என்பதால், அது யாருக்குச் சேர வேண்டும் என்று பெற்றோருக்கும் ஒரு எண்ணம் இருக்கும். கல்யாணமான அடுத்த வாரமே அந்தப் பேச்சை எடுக்கும்படி ஆகிவிடக் கூடாது.

சீட்டையும் இப்போது தொடாதீர்கள். 20 மாதச் சீட்டில் இது 6-வது மாதம் என்கிறீர்கள். ஆரம்பத்தில் ஏலப் போட்டி அதிகம், தள்ளுத் தொகையும் அதிகம். 30,000 தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 70,000. கல்யாணம் முடிந்த பிறகு, சீட்டின் 14, 15-வது மாதத்தில் எடுத்தால் பொதுவாகத் தள்ளு நன்றாகக் குறைந்திருக்கும். அந்தப் பணம் போர்ஷன் அட்வான்ஸுக்கும் ஒரு ஃபிரிட்ஜுக்கும் என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். கூடவே, இந்தச் சீட்டு 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். கடைத்தெருவில் முகப் பழக்கத்தில் நடத்தும் சீட்டு என்றால், இது முடிந்ததும் அடுத்ததில் சேராதீர்கள்.

சரி, உங்களால் எவ்வளவு முடியும்? இந்த மாதம் தொடங்கி அவர் 7,000, நீங்கள் 5,000, அவரவர் வங்கிக் கணக்கிலேயே எட்டு மாத ஆர்.டி. போடுங்கள். சம்பள விகிதத்துக்கு ஏற்ற பங்கு இது. தை மாதத்தில் அசல் மட்டும் 96,000, வட்டி சேர்ந்தால் கொஞ்சம் கூட. ஆக உங்கள் தேனிலவின் அளவு ஒரு லட்சத்துக்குள். கடன் இல்லை, நகை அடகுக் கடைக்குப் போகவில்லை, அவர் சேமித்து வைத்திருக்கும் 90,000 ஆபத்துக்கு என்று அப்படியே இருக்கும்.

இந்த ஒரு லட்சத்துக்கு அந்தமான் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் அப்பா சொன்னது செலவைக் குறைக்கத்தான் என்று நினைக்காதீர்கள், அது நல்ல இடம். ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது. உயரமான மரக்காடு முடிகிற இடத்தில் வெள்ளை மணல் ஆரம்பிக்கும், சூரியன் நேராகக் கடலில் இறங்கும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலைப் பார்த்தே வளர்ந்த உங்களுக்கும் அந்தத் தண்ணீரின் நிறம் புதிதாக இருக்கும். ஹேவ்லாக்குக்கு 2018-ல் ஸ்வராஜ் தீவு என்றும், பக்கத்தில் இருக்கும் நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். விமானம் போய் இறங்கும் போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட் போடும்போது இரண்டு பெயர்களும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்.

தை கடைசியில் கல்யாணம் என்றால் பிப்ரவரி பிற்பகுதி அல்லது மார்ச் முதல் வாரம் கிளம்புங்கள். மழை ஓய்ந்து கடல் அமைதியாக இருக்கும் காலம் அது, பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்பதால் குடும்பங்களின் கூட்டமும் குறைவு. 5 இரவுக்கு நான் ஒதுக்கச் சொல்வது இப்படி: விமானம் இருவருக்கும் 26,000. தீவுகளுக்கு இடையே தனியார் படகு மூன்று தடவைக்கு 10,000. அறை இரவுக்கு 5,000 வீதம் 25,000. சாப்பாடு 11,000. ஆட்டோ, வாடகை ஸ்கூட்டர் 8,000. ஒரு முறை முக்குளிப்பு 9,000. கைக்காவலுக்கு 8,000. மொத்தம் 97,000. அறை வாடகை ஒரு இரவுக்கு 7,500-க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,800 ரூபாய் அறையைக் காட்டி "300 ரூபாய்தானே வித்தியாசம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

விமான டிக்கெட்டை நவம்பர், டிசம்பரிலேயே எடுத்துவிடுங்கள். அதன் பிறகு படகு, அதன் பிறகுதான் அறை. படகு நேரம் தெரியாமல் அறை போட்டால் ஒரு இரவு வாடகை வீணாகப் போகும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஸ்ரீ விஜயபுரத்தில் தங்குகிற மாதிரி வையுங்கள். இல்லையென்றால், கடல் சரியில்லை என்று அன்றைக்குப் படகை ரத்து செய்தால் விமானத்தையும் விட்டுவிட வேண்டி வரும். முக்குளிப்பும் முதல் இரண்டு நாளிலேயே முடியட்டும், அது முடிந்த கையோடு விமானம் ஏறக் கூடாது. தீவில் யு.பி.ஐ. சில நேரம் சுற்றிக்கொண்டே நிற்கும், 10,000 ரூபாய் ரொக்கம் கையில் இருக்கட்டும். போகும்போது தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ மெட்ரோ ஏறினால் நேராக விமான நிலையத்தில் இறங்கலாம், டாக்ஸி செலவு மிச்சம். துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறதே, கப்பலில் போகலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். போக மூன்று நாள், வர மூன்று நாள். அவருக்குக் கிடைக்கும் லீவு கடலிலேயே முடிந்துவிடும்.

ஏஜென்ட் பாலியும் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். பிப்ரவரி, மார்ச் அங்கே மழைக்காலம். இப்போதைக்கு வேண்டாம்.

மாலத்தீவு ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. ரிசார்ட் இல்லாமல், மக்கள் வாழும் மாஃபுஷி போன்ற தீவில் விருந்தினர் விடுதி எடுத்தால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். 50 அறைகள் வரை உள்ள விடுதிகளில் கிரீன் டாக்ஸும் 6 டாலர்தான். சாப்பிடத் தெருவில் கடைகள் உண்டு. அங்கே மது கிடையாது, நீச்சல் உடையில் குளிக்கத் தனியாக ஒதுக்கிய கடற்கரை உண்டு, வெள்ளிக்கிழமை பொதுப் படகு ஓடாது. இதெல்லாம் உங்களுக்குச் சரிப்படும் என்றால், அந்தமான் போய் வந்த பிறகு இதே ஆர்.டி.யை மாதம் 6,000 என்று தொடருங்கள். இரண்டாவது கல்யாண நாளுக்குள் 1,30,000-க்கு மேல் சேர்ந்துவிடும்.

அப்போது ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுப் பேக்கேஜ் எடுத்தால் டி.சி.எஸ். என்று வருமான வரிக்காக முன்கூட்டியே ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். அது செலவில்லை, உங்கள் பான் எண்ணில் பதிவாகும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அந்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பணத்தையும் நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்புங்கள், யாருடைய சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கும் வேண்டாம். அங்கே கார்டு தேய்க்கும்போது "ரூபாயில் எடுக்கட்டுமா, டாலரிலா" என்று மெஷின் கேட்டால் டாலர் என்று சொல்லுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விகிதத்தில் கூடுதலாகப் போகும்.

பாஸ்போர்ட் இல்லை என்கிறீர்கள். அந்தமானுக்குத் தேவையில்லை, ஆதார் போதும். ஆனாலும் கல்யாண அவசரம் ஆரம்பிக்கும் முன் விண்ணப்பித்துவிடுங்கள். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், உங்கள் பக்கத்திலிருந்து அமைந்தகரை சேவை மையம் வசதி. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்க்க வேண்டுமே என்று தள்ளிப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயரில் டிக்கெட் எடுத்தால் போதும்.