90 சதவீதம் 50 ஆனால் காற்று உலர்ந்துவிட்டதா?

கேள்வி: நிலவறையில் புத்தகங்களை வைத்திருக்கிறேன். வெளியே மாட்டியுள்ள ஈரப்பதமானி காலையில் 24 டிகிரி செல்சியஸ், 90 சதவீதம் என்கிறது. பிற்பகலில் 34 டிகிரி, 50 சதவீதம். பிற்பகலில் ஜன்னலைத் திறந்து அறையை உலர்த்தலாமா?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். அந்த இரண்டு வேளையிலும் காற்றில் இருக்கும் நீராவி ஏறக்குறைய ஒரே அளவுதான்.

உங்கள் கருவி காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச அளவு நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதே அதன் பொருள். உச்ச அளவோ வெப்பத்தோடு வேகமாக ஏறும்: 20 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம். நீராவி மாறாமலே வெயில் ஏறினால் சதவீதம் சரியும்.

ஒரு கன மீட்டரில் உள்ள நீராவியின் எடை முழு ஈரப்பதம். உங்கள் காலைக் காற்றில் அது சுமார் 19.6 கிராம். ஆனால் காற்று சூடாகி விரிந்தால் இந்த எண்ணும் சற்றுக் குறையும். அதனால் ஒரு கிலோ உலர் காற்றுக்கு எத்தனை கிராம் நீராவி என்ற கலவை விகிதத்தை வல்லுநர்கள் விரும்புவார்கள். உங்களுக்கு அது சுமார் 17 கிராம். குளிர்சாதனத் துறையில் சிலர் இதையும் முழு ஈரப்பதம் என்றே எழுதுவதுண்டு. ஆகவே பெயரை நம்பாமல் அலகைப் பாருங்கள்.

உங்கள் வேலைக்கு உகந்த அளவு பனிநிலை என்பேன். எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவி நீராகத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. உங்களுக்குக் காலையிலும் பிற்பகலிலும் அது சுமார் 22 டிகிரி. அந்தப் பிற்பகல் காற்று 23 டிகிரி நிலவறைக்குள் வந்து குளிர்ந்தால் ஒப்பு ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தொடும். சுவர் 21 டிகிரியில் இருந்தால் அதில் நீர் முத்து முத்தாகப் பூக்கும். புத்தகத்துக்குப் பூஞ்சை பிடிக்க வேறென்ன வேண்டும்?

வானிலை அறிக்கைகள் பலவற்றில் பனிநிலை இருக்கும். வெளிப் பனிநிலை அறையின் பனிநிலையைவிட நன்றாகக் குறைந்திருக்கும் நாளில் மட்டும் ஜன்னலைத் திறங்கள். மற்ற நாட்களில் மூடிவைத்து, ஈரம் உறிஞ்சும் கருவியால் உள்ளே 60 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். சுவரை ஒட்டிய காற்று குளிர்ந்திருப்பதால், அறையின் நடுவில் கருவி காட்டுவதைவிட அங்கே சதவீதம் அதிகம்.