2003 போர்ஷே பாக்ஸ்டர், 28,000 கி.மீ.: எடுக்கலாமா?

28,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, எஞ்சின் புதுசு மாதிரி இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இவ்வளவு வயதான போர்ஷேவில் ஓடிய தூரத்தைவிட நின்ற காலம்தான் கணக்கு.

முதல் கவலை ஐ.எம்.எஸ். பேரிங், அதாவது எஞ்சினுக்குள் சுழலும் இடைத் தண்டை (இன்டர்மீடியட் ஷாஃப்ட்) தாங்கும் பேரிங். இந்த வண்டியில் உள்ள எம்96 ரக எஞ்சினில் அது உடைந்தால் எஞ்சினே போச்சு. எப்போதாவது கிளப்பி, சூடாகும் முன்பே அணைக்கும் வண்டியில் ஆயிலில் ஈரம் சேரும். பேரிங்குக்கு அது ஆகவே ஆகாது. மாற்றியதற்கு பில் கேளுங்கள். இல்லையென்றால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்புத் தாளை வெட்டி விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் அந்த வண்டி வேண்டாம். பழுப்பு பிளாஸ்டிக் துணுக்கு என்றால் எஞ்சினுக்குள் ஓடும் செயினுக்கு வழிகாட்டும் கைடு தேய்கிறது. ஃபில்டர் சுத்தமாக இருந்தாலும், பேரிங் மாற்றும் செலவை விலையில் கழித்தே பேசுங்கள். கியர்பாக்ஸை இறக்கித்தான் அந்த வேலை. அதே கையோடு கிளட்ச்சையும் கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிடலாம்.

டயர் பக்கவாட்டில் தேதி எண் 3212 என்றிருந்தால் 2012-இன் 32வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது, நாலையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் 2 வருடத்துக்கு ஒருமுறை மாறியிருக்க வேண்டும். முன் பம்பர் துவாரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்: சருகு அடைந்து ஊறிக் கிடந்தால் ரேடியேட்டரும் ஏசி கண்டென்ஸரும் அரித்திருக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.