ஜிடிஎக்ஸ் 1650-க்கு எந்த மானிட்டர்? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் காட்பாடியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்னிடம் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டும் 24 இன்ச், 75 ஹெர்ட்ஸ் மானிட்டரும் இருக்கின்றன. எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறேன். ஜிடிஏ 5 விளையாடும்போது நொடிக்கு 50 முதல் 65 ஃப்ரேம் (எஃப்பிஎஸ்) வரை வருகிறது. ஆனால் கேமராவைத் திருப்பினால் படம் குறுக்கே கிழிகிறது. வி-சிங்க் போட்டால் கிழிவது நின்றுவிடுகிறது, ஆனால் மவுஸ் பாரமாகி, ஆட்டம் திக்கித் திக்கிப் போகிறது. வேலரன்ட்டில் 150-க்கு மேல் வந்தும் கிழிசல் இருக்கிறது. கடைக்காரர் 240 ஹெர்ட்ஸ் வாங்கச் சொல்கிறார். என்விடியா கார்டுக்கு ஜி-சிங்க் மானிட்டர்தான் சேரும் என்கிறான் நண்பன். பழைய மானிட்டருக்குள்ளேயே ஜி-சிங்க் போர்டு மாட்டும் வீடியோ ஒன்றும் பார்த்தேன். பட்ஜெட் 12,000 ரூபாய். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, பணத்தை எடுக்கும் முன்னால் உங்கள் மானிட்டரின் பின்பக்கத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளைக்குப் பக்கத்தில், நீள்சதுரமாக, ஒரு மூலை மட்டும் சரிவாக வெட்டியது போல இன்னொரு துளை இருக்கிறதா? அதுதான் டிஸ்ப்ளே போர்ட். அது இருந்தால் ஒரு கேபிள் செலவோடு உங்கள் பிரச்சினை பாதிக்கு மேல் தீர வாய்ப்பு உண்டு. இல்லையென்றால்தான் புது மானிட்டர் பேச்சு. ஏன் என்று சொல்கிறேன்.

75 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 75 முறை, அதாவது 13.3 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, மேலிருந்து கீழாகப் படத்தைப் புதுப்பிக்கிறது. கார்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. உங்கள் 1650-க்கோ ஜிடிஏ-வில் 55 எஃப்பிஎஸ் வரும் இடத்தில் ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு முழுப் படம், தயாரிக்க 18 மில்லிசெகண்ட் ஆகிறது. அதுவும் ஒரே சீராக இருக்காது. நெரிசலான சந்திப்பில் கூடும், காலியான நெடுஞ்சாலையில் குறையும். மானிட்டர் பாதிப் படத்தை வரைந்துகொண்டிருக்கும்போது புது ஃப்ரேம் வந்து விழுந்தால், மேல் பாதி பழைய காட்சி, கீழ் பாதி புதிய காட்சி. நீங்கள் பார்க்கும் கிழிசல் இதுதான்.

வி-சிங்க் போட்டால், மானிட்டர் அடுத்த முறை புதுப்பிக்கும்வரை கார்டு காத்திருக்கும். 18 மில்லிசெகண்டில் தயாரான ஃப்ரேம் 13.3-ஐத் தவறவிட்டுவிட்டது. அடுத்த வாய்ப்பு 26.7-இல்தான். அதாவது 55 எஃப்பிஎஸ் தரக்கூடிய கார்டு 37 தருவது போல ஆகிவிடுகிறது. நடுவில் சில ஃப்ரேம்கள் 13.3-க்குள் முடிந்துவிட்டால் அவை சட்டென்று வரும். ஒன்று 13, அடுத்தது 26, மறுபடி 13 என்று மாறி மாறி வருவதைத்தான் கண் திக்கலாக உணர்கிறது. காத்திருக்கும் நேரம் மவுஸின் பாரமாகக் கையில் தெரிகிறது. உங்கள் கார்டு மேல் குற்றம் இல்லை.

மாறும் ரெஃப்ரெஷ் ரேட் என்பது இதைத் தலைகீழாக்குகிறது. ஜி-சிங்க் என்பது இதற்கு என்விடியா வைத்த பெயர். இங்கே காத்திருப்பது மானிட்டர். ஃப்ரேம் எப்போது முடிகிறதோ அப்போது வரையத் தொடங்கும். 18 மில்லிசெகண்ட் ஆனால் 18, 15 ஆனால் 15. கிழிசலும் இல்லை, வீண் காத்திருப்பும் இல்லை. ஆனால் ஒன்று: இது ஒரு எஃப்பிஎஸ் கூடக் கூட்டித் தராது. வருகிற 55-ஐ வீணாக்காமல் காட்டும், அவ்வளவுதான். அந்த 55 முன்பு பார்த்த 55 போலவே இருக்காது என்பது பார்த்தால் புரியும்.

இப்போது நண்பர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 2013 அக்டோபரில் என்விடியா ஜி-சிங்கை அறிவித்தபோது, மானிட்டருக்குள் வழக்கமான ஸ்கேலர் போர்டுக்கு (வரும் படத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) பதிலாக அவர்களுடைய போர்டு இருந்தே ஆக வேண்டும். நீங்கள் பார்த்த வீடியோவும் அந்தக் காலத்துச் சரக்காகத்தான் இருக்கும். 2014 வாக்கில் அசூஸ் விஜி248க்யூஇ என்ற ஒரே ஒரு மாடலுக்காக, மானிட்டரைப் பிரித்து நாமே மாட்டிக்கொள்ளும் கிட் 199 டாலருக்கு வந்தது. வேறு மாடலில் அது பொருந்தாது. அதை மறந்துவிடுங்கள், ஸ்க்ரூ டிரைவரையும் கீழே வையுங்கள்.

அதே 2014-இல் போட்டி நிறுவனமான ஏஎம்டி, ஃப்ரீசிங்க் என்ற பெயரில் தனி போர்டு இல்லாமலே இதைச் செய்து காட்டியது. மே மாதம், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு அடாப்டிவ் சிங்க் என்ற பெயரில் இதை டிஸ்ப்ளே போர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. தனிப் போர்டும் உரிமக் கட்டணமும் இல்லாததால் சாதாரண விலை மானிட்டர்களிலும் மெல்ல மெல்ல நுழைந்தது. ஐந்து வருடம் பிடிவாதமாக இருந்த என்விடியா, 2019 ஜனவரியில் டிரைவர் வழியாகக் கதவைத் திறந்தது. ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பின் வந்தவையும் அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களோடு வேலை செய்யும். உங்கள் 1650 அதற்கும் பிறகு வந்தது. 'ஜி-சிங்க் கம்பாட்டிபிள்' என்ற முத்திரை, என்விடியா அந்த மாடலைச் சோதித்துப் பார்த்தது என்பதற்கான அடையாளம். முத்திரை இல்லாத பல மானிட்டர்களும் ஒழுங்காகவே ஓடுகின்றன. அந்த முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

சிக்கல் கேபிளில் இருக்கிறது. என்விடியா கார்டுகள் இந்த வேலையை டிஸ்ப்ளே போர்ட் வழியாகச் செய்யும். எச்டிஎம்ஐ வழியாக வேண்டுமென்றால், மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 தரத்தின் விஆர்ஆர் (மாறும் ரெஃப்ரெஷ் ரேட்) இருக்க வேண்டும். பழைய 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் எச்டிஎம்ஐ மேல் ஓடுவது ஏஎம்டி தனக்கென்று செய்துகொண்ட ஃப்ரீசிங்க். அது என்விடியாவுக்குப் புரியாது. அதனால் பெட்டியில் 'ஃப்ரீசிங்க்' என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், பின்னால் எச்டிஎம்ஐயும் விஜிஏவும் மட்டுமே இருந்தால் உங்கள் கார்டுக்கு அது பயன்படாது. ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளே போர்ட் என்று விற்கும் மாற்றுக் கேபிளாலும் காரியம் நடக்காது. கார்டின் பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். 1650-இல் பெரும்பாலான மாடல்களில் டிஸ்ப்ளே போர்ட் உண்டு, எல்லாவற்றிலும் கிடையாது.

இரண்டு பக்கமும் இருந்தால், கேபிளை மாட்டிவிட்டு மானிட்டர் பட்டன் மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் என்பதை ஆன் செய்யுங்கள். பல மானிட்டர்களில் அது ஆஃப் ஆகித்தான் வருகிறது. பிறகு என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'செட் அப் ஜி-சிங்க்' என்ற பக்கம் புதிதாக முளைத்திருக்கும். அதில் ஆன் செய்து, கீழே அந்த மானிட்டர் மாடலுக்கான கட்டத்திலும் டிக் போடுங்கள். அடுத்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அதே பேனலின் 3டி செட்டிங்கில் வி-சிங்கை ஆன் செய்து, விளையாட்டுக்குள் இருக்கும் வி-சிங்கை ஆஃப் செய்யுங்கள். அதிகபட்ச ஃப்ரேம் ரேட்டை 72 என்று பூட்டுங்கள். எஃப்பிஎஸ் 75-ஐத் தொட்டுவிட்டால் பழைய வி-சிங்க் காத்திருப்பு திரும்பிவிடும். மூன்று குறைவாக வைத்தால் அந்த எல்லைக்குப் போகாது.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். எந்த மானிட்டருக்கும் இந்த வசதி ஒரு வரம்புக்குள்தான் வேலை செய்யும். 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் அது பெரும்பாலும் 48 முதல் 75 வரை. உங்கள் ஜிடிஏ 48-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் பழைய தொல்லை எட்டிப் பார்க்கும். 48 முதல் 144, 165 என்று வரம்பு அகலமாக உள்ள மானிட்டரில் இந்தக் கதை மாறுகிறது. 40 எஃப்பிஎஸ்-க்கு இறங்கினால், ஒரே ஃப்ரேமை இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டிவிடும். இதற்கு எல்எஃப்சி என்று பெயர். மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான் இந்த வித்தை சரியாக நடக்கும். 75-க்கு அந்த இடம் போதாது. என்னைக் கேட்டால், சாதாரண கார்டு வைத்திருப்பவர் 144-க்கு மேல் மானிட்டர் வாங்க முதல் காரணமே இதுதான். 144 எஃப்பிஎஸ் எடுப்பதற்கு இல்லை, 40-இலும் தடுமாறாமல் இருப்பதற்கு.

அதற்காக 240 ஹெர்ட்ஸா? நம் வேலூரை 'ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு' என்று கேலி செய்வார்களே, 1650-க்கு 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் அந்தப் பட்டியலில் சேர வேண்டியது. வேலரன்ட் போன்ற இலகுவான ஆட்டங்களைத் தவிர மற்றவற்றில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட உங்கள் கார்டு போகாது. 24 இன்ச், 1080பி (1920×1080 புள்ளி), ஐபிஎஸ் வகைப் பேனல், 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. இது போதும், உங்கள் பட்ஜெட்டுக்குள்ளும் வரும். 27 இன்ச்சுக்கு ஆசைப்படாதீர்கள். அதே 1080பி-யை 27-இல் விரித்தால் இன்ச்சுக்கு 92 புள்ளி இருந்தது 82 ஆகிறது, எழுத்தெல்லாம் சொரசொரப்பாகத் தெரியும். 1440பி-க்குப் போனாலோ 1650 மூச்சு வாங்கும்.

ஐபிஎஸ் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அதே விலையில் விஏ என்ற இன்னொரு வகைப் பேனல் உள்ள வளைந்த மானிட்டர் ஒன்றைக் காட்டுவார்கள். கறுப்பு நன்றாக இருக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் ரெஃப்ரெஷ் ரேட் மேலும் கீழும் ஆடும்போது விஏ பேனல்களில் வெளிச்சம் லேசாக மினுக்குவது பரவலான புகார். இருட்டுக் காட்சிகளிலும் லோடிங் திரையிலும் கண்ணை உறுத்தும். விலை குறைந்தவற்றில் கறுப்பு உருவங்கள் நகரும்போது பின்னால் மை இழுத்தது போலத் தடமும் தெரியும். ஐபிஎஸ்-இல் இவை மிகக் குறைவு.

பெட்டியில் பெரிதாகப் போடும் '1 மில்லிசெகண்ட்' எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். பல மாடல்களில் அது பேக்லைட்டை விட்டுவிட்டு எரியவைத்து எடுத்த எண். அந்த முறையை ஆன் செய்தால் பெரும்பாலும் அடாப்டிவ் சிங்க் ஆஃப் ஆகிவிடும். இரண்டும் கிடைக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அதேபோல மெனுவில் ஓவர்டிரைவ் என்று ஒன்று இருக்கும், புள்ளிகளை வேகமாக நிறம் மாற்ற வைப்பது. அதை உச்சத்தில் வைத்தால் 165-இல் சரியாக இருப்பது 60-இல் வெள்ளை நிழலாகத் துரத்தும். நடு அளவில் வையுங்கள்.

வாங்குவதை ஆபீசர்ஸ் லைன் பக்கமே முடித்துக்கொள்ளலாமா, ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போகலாமா என்பது உங்கள் விருப்பம். காட்பாடியிலிருந்து சென்னை இரண்டு மணி நேரம்தான். ஆனால் நூறு இருநூறு குறைகிறதே என்று போய், வாரண்டிக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி அங்கே போவதில் லாபம் இல்லை. எங்கே வாங்கினாலும் நான்கு கேள்வி கேளுங்கள். டிஸ்ப்ளே போர்ட் உண்டா? அடாப்டிவ் சிங்க் வரம்பு எத்தனை முதல் எத்தனை? டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) எத்தனை இருந்தால் மாற்றித் தருவீர்கள்? சர்வீஸ் வேலூரிலா, சென்னைக்கு அனுப்பவேண்டுமா? இரண்டாவது கேள்விக்குக் கடையில் பதில் கிடைப்பது அபூர்வம், தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண் போட்டுப் பார்த்துவிட்டே போங்கள். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படம் போட்டுப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டுங்கள். இந்த விலை மானிட்டர்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ-யில் முழு வேகம் கிடைக்காது. பிறகு விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கம் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே மாற்ற வேண்டும். 165 ஹெர்ட்ஸ் வாங்கி, விண்டோஸ் வைத்த 60-இலேயே மாதக்கணக்கில் விளையாடிய புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

வேலரன்ட்டில் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் எஃப்பிஎஸ்-ஐ 160-க்குப் பக்கத்தில் பூட்டிவிடுங்கள். கிழிசல் இருக்காது. நம் ஊர் கத்திரி வெயிலில் மதியம் விளையாடினால் கார்டு சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், காலையில் 60 வந்த இடத்தில் 50 வரும். அடாப்டிவ் சிங்க் இருந்தால் அந்த இறக்கம் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. கேபினெட் தூசியை மட்டும் மே மாதத்துக்கு முன்னால் ஊதிவிடுங்கள்.

பழைய 75 ஹெர்ட்ஸை விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. எச்டிஎம்ஐ-யில் இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ளுங்கள், புராஜெக்ட் வேலைக்கு உதவும். ஆனால் விளையாடும்போது அதில் வீடியோ ஓடவிட்டால் சில சமயம் பெரிய திரையில் திக்கல் வரும். அப்படி வந்தால் விளையாட்டை முழுத்திரையில் வைத்து, வீடியோவை நிறுத்திப் பாருங்கள்.