காத்திருக்கும் தொடக்க இடங்கள்

வணக்கம் ஐயா,

புதுச்சேரியில் எம்.எஸ்சி. படிக்கிறேன். செல் பிரிவு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க ஒரே ஒரு தொடக்க இடம் போதும் என்றால், நமக்கு மட்டும் ஏன் பல்லாயிரம் தேவைப்படுகின்றன? எங்கே தொடங்குவது என்பதை எது முடிவு செய்கிறது? தயாராக்கி வைத்த இடங்களில் பெரும்பாலானவை தொடங்குவதே இல்லையாம். அவை பரிணாமம் விட்டுவைத்த வீண் செலவு என்று நண்பர்கள் பேசி முடித்துவிட்டோம். இதெல்லாம் நெட் தேர்வில் வருமா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

நெட் தேர்வைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

முதல் கேள்விக்குக் கூட்டல் பெருக்கல் போதும். ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் வட்டமான டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் கார இணைகள், அதாவது எழுத்து இணைகள். ஒரே இடத்தில் தொடங்கி இரு திசையிலும் நொடிக்கு ஆயிரம் எழுத்து வேகத்தில் ஓடி, ஏறத்தாழ 40 நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறது. நம் செல்லில் ஓர் இரட்டிப்புக் கவை, அதாவது இழைகள் பிரிந்து படியெடுப்பு நடந்துகொண்டே நகரும் முனை, நிமிடத்துக்கு ஓரிரண்டாயிரம் எழுத்துகளைத்தான் கடக்கும். முதல் குரோமோசோமில் மட்டும் 25 கோடி இணைகள் இருக்கின்றன. நட்டநடுவே தொடங்கினாலும் 40 நாள் தாண்டிவிடும். செல்லுக்குக் கிடைப்பதோ எட்டு மணி நேரம். எம்.எஸ்சி. வரை வந்தவர் இதை நீங்களே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதை ரொட்டி ஈஸ்டில் குறிப்பிட்ட எழுத்து வரிசை சொல்கிறது. மனிதரில் அப்படி ஒரு நிலையான வரிசை இல்லை. டி.என்.ஏ. இறுக்கமாகச் சுற்றப்படாத பகுதிகளை நாடித்தான் ஓ.ஆர்.சி. என்ற புரதக் கூட்டம் பெரும்பாலும் அமர்கிறது. மீதியைப் பிறகு பேசலாம்.

ஏனென்றால், வீண் செலவு என்று நீங்கள் பேசி முடித்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சில வாரங்களாக நான் நினைத்துக்கொண்டிருப்பதே அந்த விஷயத்தைத்தான். கடலூர் முதுநகரில் இருந்த என் அத்தைக்கு இரத்தச் சிவப்பணுக்கள் அளவு மீறிப் பெருகும் நோய் இருந்தது. புதுச்சேரிக்கு மருத்துவரிடம் அழைத்துப்போவது என் பொறுப்பு. கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் நிற்கும் இடமெல்லாம் அவர் ஏதாவது கேட்டுக்கொண்டே வருவார். ஹைட்ராக்சியூரியா மாத்திரையைக் கொடுத்த நாளில், எந்த செல்லைத் தடுக்க வேண்டும் என்று இந்த மாத்திரைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வரிசை நீளமாக இருந்ததால் மருத்துவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் அன்று தெரியாது. அத்தை இப்போது இல்லை. சென்ற மாதம் உறவில் இன்னொருவருக்கு அதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாத்திரைக்கு நல்ல செல், கெட்ட செல் தெரியாது. அதனால்தான் அதைச் சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிறார்கள். டி.என்.ஏ. கட்டுவதற்கான மூலப்பொருளை அது குறைத்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கவைகள் தள்ளாடி நிற்கின்றன. எதிரெதிரே வரும் இரண்டு கவைகள் நின்றுவிட்டால், நடுவில் உள்ள நீளத்தை யார் படியெடுப்பது?

இதை நிதானமாகப் படியுங்கள் அம்மா. படியெடுப்பு தொடங்கும் முன்பே, ஜி1 என்ற ஆயத்தக் கட்டத்தில், ஓ.ஆர்.சி.யும் துணைப் புரதங்களும் எம்.சி.எம். என்ற வளையங்களை இரண்டிரண்டாக டி.என்.ஏ.மீது ஏற்றிவைக்கின்றன. இழைகளைப் பிரிக்கப்போகும் இயந்திரம் அதுதான், ஆனால் அப்போது அது ஓடாது. படியெடுப்பு நடக்கும் எஸ் கட்டம் வந்து, செல் பிரிவை முடுக்கும் சி.டி.கே. நொதிகள் உயர்ந்ததும் சில வளையங்கள் உயிர்பெற்று ஓடத் தொடங்குகின்றன. அதே நேரத்தில் புதிய வளையங்களை ஏற்றுவது தடைசெய்யப்பட்டுவிடுகிறது. தடை இல்லாவிட்டால் படியெடுத்த பகுதியையே மறுபடி படியெடுத்து செல் நாசமாகும். 1988-இல் ஜூலியன் பிளோவும் ரான் லாஸ்கியும் தவளை முட்டைச் சாற்றை வைத்து முன்வைத்த உரிமக் கருத்தின் (படியெடுக்க டி.என்.ஏ. முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது) அடிப்படையே இந்த ஒருமுறை விதிதான்.

இப்போது யோசியுங்கள். ஓட்டம் தொடங்கிய பிறகு ஒரு புதிய தொடக்க இடத்தைக்கூட உண்டாக்க செல்லுக்கு அனுமதி கிடையாது. ஆகவே எங்கே கவை நிற்கும் என்று தெரியாமலே, நிற்கக்கூடிய எல்லா இடங்களுக்கும் முன்கூட்டியே ஏற்றிவைத்தாக வேண்டும். இடைஞ்சல் இல்லாவிட்டால், கடந்து போகும் கவை அந்த உறங்கும் வளையங்களை அகற்றிவிடும். இடைஞ்சல் வந்தால் நடுவே இருப்பது விழித்துக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரரிடம் போய், ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் புயல் பாதுகாப்பு மையம் வீண் செலவு என்று சொல்வீர்களா? செல்லைப் பற்றி மட்டும் எப்படி அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்தது?

சோதித்தும் பார்த்தார்கள். பிளோவின் குழு 2007-இல் மனித செல்களில் எம்.சி.எம். அளவைக் குறைத்தது. செல்கள் எதுவும் நடக்காததுபோலப் பிரிந்துகொண்டிருந்தன. நீங்கள் அங்கேயே நிறுத்தியிருப்பீர்கள். பார்த்தீர்களா, வீண்தான் என்று எழுதியிருப்பீர்கள். அவர்கள் சிறிதளவு ஹைட்ராக்சியூரியாவைச் சேர்த்தார்கள், அத்தை விழுங்கிய அதே மருந்தை. வழக்கமான செல்கள் தாக்குப்பிடித்த அளவிலேயே இவை தடுமாறின. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அந்த வளையத்தின் ஒரு பகுதியான எம்.சி.எம்.4 பழுதுபட்ட பெண் எலிகளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. புரியாத ஒன்றை உடனே கழித்துக்கட்டும் அவசரத்தின்மேல்தான் வருத்தம். நீங்கள் கேள்வி கேட்கத் தெரிந்தவர், கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு தாளில் நீண்ட கோடு போடுங்கள். இரு முனையிலிருந்தும் கவைகளை வரவிட்டு, நடுவழியில் இரண்டையும் நிறுத்துங்கள். இடையே ஒரு வளையம்கூட இல்லையென்றால், செல் பிரியும் நேரத்தில் அந்தக் கோட்டுக்கு என்ன ஆகும் என்று வரைந்து எனக்கு அனுப்புங்கள். நண்பர்களையும் வரையச் சொல்லுங்கள்.