ஓட்டல் பாயிண்ட்டை ஏஜெண்டிடம் விற்றுவிடலாமா?

கேள்வி: ஜவுளி இயந்திரங்கள் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சூரத், அகமதாபாத் என்று அலைந்ததில் மேரியட் ஓட்டல்களின் போன்வாய் உறுப்பினர் திட்டக் கணக்கில் 58,000 பாயிண்ட் சேர்ந்தது. இப்போது பயணம் குறைந்துவிட்டது. எப்போதாவது போனாலும் ஆபீஸ் ஏஜெண்ட் புக் செய்வதால் பாயிண்ட் ஏறுவதில்லை. ஜூலையில் எல்லாம் காலாவதி ஆகிவிடும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பாயிண்டுக்கு 25 பைசா தருகிறேன், லாகின் விவரம் கொடுங்கள் என்று பாயிண்ட் வாங்கும் ஏஜெண்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டு கார்டிலும் 40,000 பாயிண்ட் இருக்கிறது. அதில் மிக்ஸி வாங்கலாமா, பில்லில் கழிக்கலாமா? மே மாதம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கோவா போக எண்ணம். கடைசியாக ஒன்று. மாலில் ஒரு கூப்பன் எழுதிப்போட்டதற்கு ஓட்டலில் விருந்து என்று அழைத்தார்கள். அங்கே மூன்றரை லட்ச ரூபாய் விடுமுறை கிளப் மெம்பர்ஷிப்புக்கு 20,000 ரூபாய் முன்பணத்தைக் கார்டில் தேய்த்துவிட்டோம். அதற்கும் பாயிண்ட் உண்டு என்கிறார்கள். நல்ல திட்டம்தானா? (கோவை வாசகர்)

பதில்: பாயிண்ட்டை விற்காதீர்கள். லாகின் விவரத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மிக்ஸி வேண்டாம். அந்த 20,000 ரூபாய் விஷயம்தான் இருப்பதிலேயே அவசரம். இதைப் படித்து முடித்த கையோடு அதைக் கவனியுங்கள். கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 58,000 பாயிண்டுக்கு என்ன மதிப்பு என்று பார்ப்போம். வாட்ஸ்அப் ஏஜெண்ட் கணக்கில் 14,500 ரூபாய். ஓட்டல் கணக்கு வேறு. பாயிண்ட்டுக்கு நிலையான விலை கிடையாது. நீங்கள் தங்கும் ஓட்டலில் அந்தத் தேதிக்கு ரொக்கமாகக் கட்டினால் வரி சேர்த்து எவ்வளவு ஆகும், பாயிண்டாகக் கட்டினால் எத்தனை கேட்கிறார்கள் என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் மதிப்பு. வரியைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். நிறையப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம்.

கணக்குக்காக, கோவாவில் ஒரு அறை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 9,440. அதே அறைக்கு 14,000 பாயிண்ட் கேட்டால், ஒரு பாயிண்ட் 67 பைசா பெறுகிறது. அதுவே அறை 7,400 ரூபாய் என்றால் வரியோடு 7,770தான். அப்போது 55 பைசா. என் அளவுகோல் எளிது: போன்வாய் பாயிண்ட்டுக்கு 50 பைசாவுக்குக் கீழே வந்தால் ரொக்கமாகக் கட்டிவிட்டு பாயிண்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமாக ஒரு விதி இருக்கிறது. போன்வாயில் பாயிண்ட் கொண்டு ஒரே புக்கிங்கில் தொடர்ந்து ஐந்து இரவு போட்டால் நான்கு இரவுக்குத்தான் பாயிண்ட் எடுப்பார்கள். ஐந்தில் எந்த இரவுக்குக் குறைந்த பாயிண்டோ அது இலவசம். மேலே சொன்ன 8,000 ரூபாய் அறையில் ஐந்து இரவுக்கு 70,000 ஆக வேண்டியது 56,000தான் ஆகும். உங்களிடம் இருக்கும் 58,000 போதும். ரொக்கமாகக் கட்டினால் 47,200 ரூபாய் ஆகியிருக்கும் தங்கல் இது. இதைத்தான் அந்த மனிதர் 14,500 ரூபாய்க்குக் கேட்கிறார். மூன்று இரவு ஒரு புக்கிங், இரண்டு இரவு இன்னொரு புக்கிங் என்று பிரித்தால் இந்தச் சலுகை கிடைக்காது. நீங்கள் ஐந்து பேர், அதனால் இரண்டாவது அறை தேவைப்படும். அதை ரொக்கமாகப் போடுங்கள். காலை உணவு சேர்த்தியா என்பதையும் புக் செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்குத் தனியாகக் காசு கொடுத்தால் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

முன்பெல்லாம் எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்று ஒரு அட்டவணை இருந்தது. 2022-ல் மேரியட் அதை எடுத்துவிட்டது. இப்போது விமான டிக்கெட் போல தேதிக்கேற்ப மாறுகிறது. பத்து வருடம் பாயிண்ட் சேர்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதன் மதிப்பை மாற்றிவிட முடிகிறது, தட்டிக் கேட்க நம் நாட்டில் தனியாக ஒரு அமைப்பும் இல்லை. எனக்கு இதில் ரொம்ப நாள் கோபம். அதனால்தான் சொல்கிறேன், பாயிண்ட்டைச் சேமிப்பாக நினைக்காதீர்கள். இரண்டு நாள் தள்ளிப் போட்டால் எத்தனை கேட்கிறார்கள் என்று நான்கைந்து தேதிகளை மாற்றிப் பாருங்கள். மே மாதம் கோவாவில் வெயில் காலம், டிசம்பர் அளவுக்குக் கூட்டம் இருக்காது. உங்களுக்கு அது நல்லதே.

காலாவதி பயம் தேவையில்லை. தொடர்ந்து 24 மாதம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால்தான் போன்வாய் பாயிண்ட் போகும். கோவாவுக்கு பாயிண்ட்டைச் செலவழிப்பதே ஒரு நடமாட்டம்தான். மீதி இருக்கும் சில ஆயிரம் பாயிண்டுக்கு மறுபடி 24 மாதம் கிடைத்துவிடும். மனைவி கணக்குக்கு மாற்றிவிட்டால் கெடு நீளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறுப்பினர்களுக்குள் மாற்றுவது நடமாட்டமாகச் சேராது.

அப்புறம் ஆபீஸ் பயணம். ஓட்டலின் சொந்தத் தளத்திலோ ஆப்பிலோ புக் செய்தால்தான் பாயிண்ட்; அகோடா, புக்கிங் டாட் காம், மேக் மை ட்ரிப் போன்ற தளங்கள் வழியாகப் போனால் அறை வாடகைக்கு பாயிண்ட் கிடையாது. இது பொது விதி. ஏஜெண்ட் புக் செய்தாலே பாயிண்ட் வராது என்று நீங்கள் முடிவு கட்டியது இதை வைத்துத்தான். ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்களைப் போல் நிறையப் பேர் இதில் ஏமாந்துபோவதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டிராவல் ஏஜெண்டுகள் இரண்டு விதமாக அறை எடுப்பார்கள். ஒன்று, உங்கள் நிறுவனமும் ஓட்டலும் பேசி வைத்திருக்கும் கார்ப்பரேட் வாடகையில், ஓட்டலின் முன்பதிவு முறைக்குள் நேராகப் போடுவது. அங்கே பில் ஓட்டல் போடுகிறது, பணம் நிறுவனம் கட்டுகிறது. இப்படித் தங்கினால் கட்டியது நிறுவனமாக இருந்தாலும் தங்கிய உங்களுக்குத்தான் பாயிண்ட். இன்னொன்று, மொத்த வியாபாரிகளிடமிருந்து முன்கூட்டியே பணம் கட்டி எடுத்த அறையை ஏஜெண்ட் தன் லாபம் வைத்துத் தருவது. இதில் பில் ஏஜெண்ட் போடுவார். ஓட்டலைப் பொறுத்தவரை நீங்கள் ஏஜெண்டின் வாடிக்கையாளர், அதனால் பாயிண்ட் வராது. உங்கள் புக்கிங் எந்த வகை என்பது பில்லில் வாடகைத் தொகை இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கிளம்பும்போது ஓட்டல் தரும் பில்லில் ஒவ்வொரு இரவுக்கும் வாடகை அச்சாகியிருந்தால் அநேகமாக முதல் வகை. உறுப்பினர் எண்ணை யாரும் சேர்க்காததால் பாயிண்ட் ஏறாமல் போயிருக்கும். அந்த பில்லை வைத்து, விடுபட்ட தங்கலைச் சேர்க்கச் சொல்லி போன்வாய் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சமீபத்தில் தங்கியவற்றுக்கு இன்றைக்கே செய்யுங்கள். இனிமேல் டிராவல் டெஸ்க்கிடம் உறுப்பினர் எண்ணைக் கொடுத்து வையுங்கள். செக்-இன் செய்யும்போது ரிசப்ஷனிலும் ஒருமுறை, "என் எண் சேர்ந்திருக்கிறதா, இந்த வாடகைக்கு பாயிண்ட் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

கார்டுக்கு வருவோம். ரெகாலியா கோல்டில் உங்கள் 40,000 பாயிண்ட்டை பில்லில் கழித்தால் ஒன்றுக்கு 20 பைசா, அதாவது 8,000 ரூபாய். மிக்ஸி, வவுச்சர் வகையறாவுக்குப் பொதுவாக 35 பைசா வரை. வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமான டிக்கெட்டோ ஓட்டலோ போட்டால் 50 பைசா, அதாவது 20,000 ரூபாய். கோவா டிக்கெட்டுக்கே போட்டுவிடுங்கள். முழுத் தொகையையும் பாயிண்டில் கட்ட விடமாட்டார்கள், ஒரு பகுதியைக் கார்டில் கட்ட வேண்டும். அதே டிக்கெட் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் என்ன விலை என்று பார்க்காமல் அழுத்தாதீர்கள். வங்கித் தளத்தில் ஆயிரம் ரூபாய் கூட இருந்தால் 2,000 பாயிண்ட் வீணாகிறது என்று அர்த்தம். வங்கி பாயிண்ட்டை ஓட்டல் பாயிண்டாகவோ விமான மைலாகவோ மாற்றும் யோசனை இப்போது வேண்டாம். மாற்றினால் திரும்பாது.

கார்டு பில்லை முழுதாகக் கட்டுகிறீர்கள் என்று நம்பி இதையெல்லாம் சொல்கிறேன். பாக்கி வைத்தால் மாதம் 3.75 சதவீதம் வரை வட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி. வட்டி வருடத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எந்த பாயிண்டும் அந்த வட்டிக்கு ஈடாகாது.

இப்போது 25 பைசா ஆசாமி. இவர்கள் உங்கள் கணக்குக்குள் நுழைந்து, உங்கள் பாயிண்ட்டில் யாரோ ஒருவருக்கு அறை போட்டு, அவரிடம் நல்ல விலை வாங்குவார்கள். எல்லா ஓட்டல் திட்டங்களின் விதியும் பாயிண்ட்டை விற்பதைத் தடை செய்கிறது. கண்டுபிடித்தால் உங்கள் கணக்கைத்தான் மூடுவார்கள், ஏஜெண்டுக்கு ஒன்றும் ஆகாது. கணக்கில் உங்கள் கார்டு, தொலைபேசி, முகவரி எல்லாம் இருக்கிறது. பேசிய பணம் வராவிட்டால் எங்கே போய்க் கேட்பீர்கள்? "ரிவார்டு பாயிண்ட் இன்றோடு முடிகிறது, இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று வங்கியின் பெயரில் வரும் செய்தியும் இதே ரகம்தான். அதை இறக்கினால் கணக்கில் இருக்கும் பணமே போகும். எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்பி பாயிண்ட் தராது. தெரியாமல் அழுத்திவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போன பணம் உங்கள் நஷ்டம் என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

விடுமுறை கிளப் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. கூப்பன், விருந்து, கணவன் மனைவி இருவரும் வர வேண்டும் என்ற நிபந்தனை, இரண்டு மணி நேரம் விடாத பேச்சு, "இன்றைக்கு மட்டும் இந்த விலை." வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றால் மேலாளர் வந்து உட்காருவார். யோசித்தால் வாங்கமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஓட்டலின் லாயல்டி திட்டத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். போன்வாயில் சேர ஒரு பைசா கட்டணமில்லை, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். விடுமுறை கிளப்பில் நீங்கள் கட்டுவது பல வருடத்துக்கான முன்பணம். அதற்கு மேல் வருடந்தோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு, அது ஏறிக்கொண்டே போகும், போகாத வருடத்துக்கும் கட்ட வேண்டும். பள்ளி விடுமுறையில் அறை கேட்டால் நிரம்பிவிட்டது என்பார்கள். வாயால் சொன்ன பாயிண்டும் இலவச வெளிநாட்டுப் பயணமும் ஒப்பந்தத்தில் இருக்காது. வேண்டாமென்றால் மெம்பர்ஷிப்பை வேறொருவருக்கு விற்கலாம் என்று சொல்லித்தான் தருவார்கள், வாங்க ஆள் கிடைக்காது. மூன்றரை லட்சத்தை வங்கியில் போட்டு அதன் வட்டியில் வருடம் ஒரு முறை நீங்களே நல்ல ஓட்டலில் தங்கலாம்.

எனவே இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: மெம்பர்ஷிப்பை ரத்து செய்கிறேன், 20,000 ரூபாயைத் திருப்பித் தரவும், மீதித் தொகைக்கு இஎம்ஐ எதுவும் தொடங்க எனக்குச் சம்மதமில்லை. ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்கள். போனில் பேசித் தீர்க்கலாம் என்று இழுப்பார்கள், அந்த நாளைக் கடத்துவதற்காகத்தான். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கார்டு வங்கிக்கும் அதே மின்னஞ்சலை இணைத்து, இந்தப் பரிவர்த்தனையை மறுக்கிறேன் என்று புகார் எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தீர்ப்பு வர நாளாகும், அது நம் அமைப்பின் குறை. ஆனால் மின்னஞ்சலும் புகார் எண்ணும் கையில் இருந்தால் பல கம்பெனிகள் ஆணையம் வரை போகாமலே பணத்தைத் தந்துவிடுகின்றன.